641-இடம் மாட்டிக்கொண்ட எண்

4294967297. நம் முறையில் வாய்விட்டுப் படித்தால், நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. பத்து இலக்கம். ஒரு ஓரத்துத் தாளில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் இதை 'பகா எண்' என்று நம்பியவர் சாதாரண ஆள் இல்லை. அந்த நம்பிக்கை உடைய ஏறக்குறைய நூறு ஆண்டு ஆனது.

பெரிய எண்ணைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தால் வரும் மீதி, இவ்வளவு தெரிந்தால் போதும். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதனாலேயே பெருக்கினால் 4. நான்கை நான்கால் பெருக்கினால் 16. பதினாறை அதனாலேயே பெருக்கினால் 256. அப்படியே 65536. அதையும் அதனாலேயே பெருக்கினால் 4294967296. ஐந்தே பெருக்கலில் 2-லிருந்து 429 கோடிக்கு வந்துவிட்டோம். இப்போது வரிசையில் உள்ள ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டுங்கள்: 3, 5, 17, 257, 65537, 4294967297. இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். நம்முடையது 2³² + 1.

பியர் தெ ஃபெர்மா பிரான்சின் துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். கணக்கு அவருக்கு ஓய்வு நேர ஆசை. 1640-இல் எழுதிய கடிதங்களில், இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று தனக்குத் தோன்றுவதாகச் சொன்னார். பகா எண் என்றால் 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்: 2, 3, 5, 7, 11 என்று போகும். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் உண்மையிலேயே பகா எண்கள்தான். தன்னிடம் முழு நிரூபணம் இல்லை என்பதையும் ஃபெர்மாவே எழுதியிருக்கிறார். ஆனாலும் நம்பினார். ஐந்து தடவை வரிசையாகச் சரியாக வந்தால் ஆறாவதும் அப்படித்தான் இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றாது?

இந்த எண்களில் 2-இன் அடுக்கு ஏன் 1, 2, 4, 8, 16, 32 என்றே போகிறது, நடுவில் 3, 6, 12 எல்லாம் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அடுக்கில் ஒற்றைப்படைக் காரணி ஒன்று இருந்தால் எண் தானாகவே உடைந்துவிடும். 2³ + 1 என்பது 9, அது 3-ஆல் வகுபடும். 2⁶ + 1 என்பது 65, அது 2² + 1, அதாவது 5-ஆல் வகுபடும். 2¹² + 1 என்பது 4097, அது 2⁴ + 1, அதாவது 17-ஆல் வகுபடும். ஆகவே உடையாமல் நிற்க வாய்ப்புள்ள அடுக்குகள் 2-இன் அடுக்குகள் மட்டும்தான். ஃபெர்மா கண்ணை மூடிக்கொண்டு பட்டியல் போடவில்லை.

சரி, 4294967297 பகா எண்ணா, இல்லையா? நேர்வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு பகா எண்ணாக எடுத்து வகுத்துப் பார்ப்பது. எதுவரை? ஒரு எண் உடைந்தால் அதன் ஒரு காரணியாவது வர்க்கமூலத்துக்குள் இருந்தாக வேண்டும். இரண்டுமே வர்க்கமூலத்தைத் தாண்டினால் பெருக்கற்பலன் எண்ணையே தாண்டிவிடும். இங்கே வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி இருக்கிறது. அதுவரை உள்ள பகா எண்கள் 6542. எதுவும் வகுக்கவில்லை என்றால் அத்தனை வகுத்தலையும் கையால் செய்து முடிக்க வேண்டும்.

தொடக்கத்தில் சிலதை எளிதாகக் கழிக்கலாம். கடைசி இலக்கம் 7 என்பதால் 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 59 வருகிறது, அது 3-இன் மடங்கு இல்லை. அதனால் 3-உம் போச்சு. 7-ஆல் வகுத்தால் மீதி 5. இப்படியே 11, 13, 17 என்று போய்க்கொண்டே இருக்கலாம். கை வலிக்கும், முடிவு தெரியாது.

1729 டிசம்பரில் கிறிஸ்டியான் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் தன் இளம் நண்பரும் கணித அறிஞருமான லியோனார்ட் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில், ஃபெர்மா இப்படிச் சொன்னாரே, தெரியுமா என்று கேட்டிருந்தார். ஆய்லர் அப்போது ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். முதலில் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் விஷயம் மனதில் தங்கிவிட்டது போலிருக்கிறது. 1732-இல், தன் 25-ஆவது வயதில், விடையை வைத்தார்:

4294967297 = 641 × 6700417

அவ்வளவுதான். ஆறாவது எண் பகு எண். ஃபெர்மாவின் ஊகம் அங்கேயே விழுந்தது.

641 வகுக்கிறது என்பதை நீங்களே சோதிக்கலாம், பெரிய வகுத்தல் எதுவும் வேண்டாம். இதற்கு ஒரு சின்ன உத்தி உண்டு. கிழமை கணக்கிடும்போது அதை நாம் அன்றாடம் செய்கிறோம். இன்று வெள்ளி என்றால் 100 நாள் கழித்து என்ன கிழமை? நூறையும் விரல் விட்டு எண்ணுவதில்லை. 98 நாள் முழு வாரங்களாகக் கழிந்துவிடும், மீதி 2, அதனால் ஞாயிறு. மீதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். பெருக்கலிலும் இது செல்லும்: இரண்டு எண்களைப் பெருக்கி வகுத்தால் வரும் மீதியும், அவற்றின் மீதிகளைப் பெருக்கி வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே.

இப்போது 641-ஐ வைத்துச் செய்வோம். 65536-ஐ 641-ஆல் வகுத்தால், 641 × 102 = 65382, மீதி 154. நம் எண்ணுக்கு முந்தைய எண் 4294967296 என்பது 65536-இன் வர்க்கம். அதனால் 65536-ஐ மறந்துவிட்டு 154-ஐ மட்டும் வர்க்கப்படுத்தினால் போதும். 154 × 154 = 23716. இப்போது 641 × 37 போட்டுப் பாருங்கள்: 23717.

ஒன்றே ஒன்று குறைகிறது. அதாவது 4294967296 என்பது 641-இன் ஒரு மடங்குக்குச் சரியாக ஒன்று குறைவு. ஒன்றைக் கூட்டினால் முழு மடங்கு. நான் இதை முதலில் தாளில் போட்டுப் பார்த்தபோது 23716-ஐயும் 23717-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 429 கோடியைப் பற்றிய கேள்வி, ஐந்து இலக்க எண்கள் இரண்டில் முடிந்துவிட்டது.

இன்னொரு அழகான வழியும் உண்டு. 641-க்கு இரண்டு முகம் இருக்கிறது. ஒன்று, 641 = 5 × 2⁷ + 1, அதாவது 640 + 1. இன்னொன்று, 641 = 5⁴ + 2⁴, அதாவது 625 + 16. இரண்டாவதை 2²⁸-ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³² வரும். அது 641-இன் மடங்கு. முதலாவதிலிருந்து, 640-இன் நான்காம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் 641-இன் மடங்குதான் கிடைக்கும், ஏனென்றால் 640 என்பது 641-க்கு ஒன்று குறைவு, அதன் மீதியை −1 என்று வைத்துக்கொள்ளலாம், −1-ஐ நான்கு முறை பெருக்கினால் 1 ஆகிவிடுகிறது. 640-இன் நான்காம் அடுக்கு என்பது 5⁴ × 2²⁸ தானே? ஆக 5⁴ × 2²⁸ − 1-உம் மடங்கு. முதல் மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். 5⁴ × 2²⁸ அடிபட்டுப் போய், 2³² + 1 மிஞ்சும். நம் எண்!

சரிபார்ப்பது எளிது. ஆனால் 641-ஐ எப்படித் தேடிப் பிடிப்பது? இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. எண் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால், அதன் காரணிகள் எந்த உருவத்தில்தான் இருக்க முடியும் என்பதும் தெரிந்துவிடும்.

சின்ன எண்ணில் பார்ப்போம். 2-இன் அடுக்குகளை 17-ஆல் வகுத்து மீதிகளை எழுதுங்கள்: 1, 2, 4, 8, 16, 15, 13, 9, அப்புறம் மறுபடியும் 1. எட்டு அடியில் ஒரு சுற்று முடிகிறது. நடுவில், நான்காம் அடுக்கில், 16 வருகிறது, அதாவது 17-க்கு ஒன்று குறைவு. பாதி வழியில் 'ஒன்று குறைவு' வந்தால், இன்னொரு பாதியில் சுற்று 1-க்குத் திரும்பிவிடும். ஃபெர்மாவின் இன்னொரு கண்டுபிடிப்பு இங்கே கை கொடுக்கிறது: ஒற்றைப்படைப் பகா எண் எதை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைந்த அடுக்கில் 2-இன் மீதி 1-ஆகத்தான் இருக்கும். 17-க்கு 16-ஆம் அடுக்கு. ஆகவே 16 என்பது சுற்றின் நீளமான 8-இன் மடங்காக இருந்தே ஆக வேண்டும். இருக்கிறது.

இதையே நம் எண்ணுக்குப் பொருத்துங்கள். ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்றால், அதைப் பொறுத்தவரை 32-ஆம் அடுக்கில் 'ஒன்று குறைவு', 64-இல் சுற்று முடிகிறது. அதனால் அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 64-இன் மடங்கு வர வேண்டும். தப்பிக்க வழி இல்லை. எனவே தேட வேண்டியது 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்ற வரிசையில் மட்டும். இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் காரணி கையில் கிடைக்கிறது. 6542 எங்கே, 5 எங்கே!

பின்னாளில், 1878-இல், எடுவார் லூக்கா என்ற கணித அறிஞர் இதை இன்னும் இறுக்கினார்: 64 இல்லை, 128-இன் மடங்கோடு ஒன்று. அப்போது 193, 449, 577 மூன்றும் விழுந்துவிடும். 257-உம் 641-உம் மட்டும் மிஞ்சும்.

ஃபெர்மாவால் இதை ஏன் செய்ய முடியாமல் போயிற்று என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். கருவி அவருடையது. அதே 1640-இல் 2³⁷ − 1 என்ற எண்ணை இதே போன்ற வழியில் சோதித்திருக்கிறார்: காரணி இருந்தால் அது 74-இன் மடங்கோடு ஒன்றாக இருக்க வேண்டும் என்று கண்டு, 74 × 3 + 1 = 223 அதை வகுப்பதைக் காட்டினார். அதே கத்தியை இந்த எண்ணின் மேல் வைத்திருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்திருக்கும். ஏன், ஒன்றும் யோசிக்காமல் 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போயிருந்தாலும் 641 என்பது 116-ஆவது பகா எண்தான். 6542 வரை போகத் தேவையில்லை. ஆனால் 116-ஆவது படியில் விடை காத்திருக்கிறது என்பது ஏறுகிறவருக்கு முன்கூட்டித் தெரியாதே. ஒருவேளை வகுத்துப் பார்த்து, கணக்கில் எங்கோ சறுக்கியிருக்கலாம். யாருக்கும் நடப்பதுதான்.

இன்னொரு பொறியும் இந்த எண்ணிடம் இருக்கிறது. மேலே சொன்ன விதியைத் திருப்பிப் போட்டு, 'ஒன்று குறைந்த அடுக்கில் 2-இன் மீதி 1 வந்தால் அது பகா எண்' என்று சோதிக்கலாமே என்று தோன்றும். 4294967297 அந்தச் சோதனையில் தேறிவிடும்! 64 அடிக்கு ஒருமுறை மீதி 1 வருகிறது. ஒன்று குறைந்த எண்ணான 2³² என்பதோ 64-இன் மடங்கு. ஆகவே அங்கேயும் 1 வந்தே தீரும். பகா எண் இல்லாமலே பகா எண் போல நடிப்பதால், இப்படிப்பட்டவற்றுக்குப் போலிப் பகா எண் என்று சொல்லலாம். 2-க்குப் பதில் 3-ஐ வைத்துச் சோதித்தால் வேஷம் கலைந்துவிடும்.

அடுத்து, பக்கத்து வீட்டைப் பார்ப்போம். நம் எண்ணிலிருந்து 2-ஐக் கழித்தால் 4294967295. இது கணினிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த எண்: 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண். பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தம் இதைவிட ஒன்று கூடுதல். ஆனால் இதன் உள்ளே இருப்பது இன்னும் நன்றாக இருக்கும்:

3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295

முந்தைய ஐந்து ஃபெர்மா எண்களும் அப்படியே பெருக்கலாக உட்கார்ந்திருக்கின்றன. இது தற்செயல் இல்லை. 3 × 5 = 15, அது 17-க்கு 2 குறைவு. 3 × 5 × 17 = 255, அது 257-க்கு 2 குறைவு. எப்போதும் இப்படித்தான். இதிலிருந்து உடனே ஒன்று தெரிகிறது: முந்தைய எண்களில் ஒன்றும் 4294967297-உம் ஒரு பொதுக் காரணியைப் பகிர்ந்தால், அந்தக் காரணி 2-ஐயும் வகுக்க வேண்டும். எல்லாமே ஒற்றைப்படை, அதனால் முடியாது. லூக்காவின் பட்டியலில் மிஞ்சிய 257-ஐ வகுத்துப் பார்க்காமலே அடித்துவிடலாம். அப்புறம் அந்தப் பட்டியலில் நிற்கும் முதல் ஆள் 641 மட்டுமே. முதல் முயற்சியிலேயே விடை.

இதே உண்மை இன்னொன்றையும் கொடுக்கிறது. எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது என்றால், ஒவ்வொன்றும் ஒரு புதுப் பகா எண்ணையாவது கொண்டுவர வேண்டும். ஃபெர்மா எண்கள் முடிவில்லாமல் போகின்றன. ஆகவே பகா எண்களுக்கும் முடிவில்லை. கோல்ட்பாக் 1730-இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பொதுக் காரணி இல்லாத குணத்தைச் சொல்லியிருக்கிறார்.

4294967295-க்கு வடிவியலிலும் ஓர் இடம் உண்டு. 1796 மார்ச்சில், 19 வயது நிரம்பாத கணித மேதை காஸ், அளவுகோலும் காம்பஸும் மட்டும் வைத்து 17 பக்கம் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று காட்டினார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்கும்போது மட்டுமே அப்படி வரைய முடியும். நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்துதான், அவற்றைச் சேர்த்துப் பிரித்தால் 31 பலகோணங்கள் கிடைக்கும், அதில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். 65537 பக்கத்துக்கான வரைமுறையை எழுத யோகான் ஹெர்மிஸ் என்பவர் பத்தாண்டு செலவழித்தார். 1894-இல் முடித்த அந்தக் கையெழுத்துப் படி ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஃபெர்மா வரிசையில் நம் எண்ணுக்கு அடுத்தது 18446744073709551617. சதுரங்கப் பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டிப்பாகத் தானியம் கேட்ட கதை தெரியுமல்லவா, அங்கே வரும் மொத்தத் தானியத்தைவிட இது இரண்டு கூடுதல். 1880-இல், எண்பதைத் தாண்டிய வயதில், ஃபார்ச்சுனே லாண்ட்ரி இதை உடைத்தார்: 274177 × 67280421310721. அதற்கடுத்தது உடைய 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, கணினியும் தேவைப்பட்டது. 2-இன் 2²⁰ அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண் பகு எண் என்று உறுதியாகத் தெரியும், ஆனால் அதன் ஒரு காரணிகூட இதுவரை யாருக்கும் தெரியாது. பூட்டு உடைந்தது தெரிகிறது, உள்ளே என்ன என்று தெரியவில்லை. 65537-க்குப் பிறகு சோதித்து முடிவு கண்ட ஃபெர்மா எண் ஒன்றுகூடப் பகா எண்ணாக வரவில்லை. இன்னும் பதில் தெரியாதவற்றில் மிகச் சிறியதே சுமார் 258 கோடி இலக்கம் நீளம்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 641 பகா எண், சரி. 6700417? அதுவும் உடையுமா? அதன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். அதன் காரணி எதுவானாலும் நம் பெரிய எண்ணின் காரணியும்கூட. ஆகவே 128-இன் மடங்கோடு ஒன்று என்ற விதி அதற்கும் பொருந்தும். 2588-க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409, அவ்வளவுதான். 257-ஐ ஏற்கெனவே கழித்தாயிற்று. மிச்சம் நான்கு வகுத்தல். 641-ஆல் வகுத்தால் மீதி 44. 769-ஆல் வகுத்தால் 120. 1153-ஆல் வகுத்தால் 334. 1409-ஆல் வகுத்தால் 622. நான்கிலும் மீதி இருக்கிறது. 6700417 பகா எண்.